இணையவழியில் குழுவை நடத்தக் கற்றுக்கொடுப்பது: சமூகப்பணி விரிவுரையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழுவை நடத்துவது செய்து செய்து வருகிற பழக்கம். அதைப்பற்றி இரண்டு மணித்தியாலம் ஸ்லைட் போட்டு விளக்கினால் மாணவி பரீட்சையில் நன்றாக எழுதுவார். ஆனால் களப்பயிற்சிக்குப் போய், கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் பதினைந்து பெண்கள் முன்னால் நின்றதும், அவரும் ஒரு விரிவுரையை நிகழ்த்திவிட்டுத்தான் வருவார். அவர் இதுவரை பார்த்தது அதைத்தானே.

கொழும்பிலிருந்து தமிழ்மொழி மூலம் இணையத்தில் கற்பிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் இருப்பார், மட்டக்களப்பில் வீட்டிலிருந்து இணைபவர் இருப்பார், ஹட்டனில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வாசல்படிக்கு வந்திருப்பவரும் இருப்பார். மொத்தம் 24 பேர், வாரத்துக்கு ஒரு 2 மணித்தியால வகுப்பு, 8 வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். வகுப்பே குழுவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் அதைத் தன் கையில் எடுத்து நடத்த வேண்டும், மற்றவர்கள் பார்க்க, ஒரு தடவைக்கு மேல். விரிவுரையாளர் பேசும் நேரம் இதற்காகக் குறைந்தால் குறையட்டும்.

படி 1: திறனைச் சிறு துண்டுகளாக்குங்கள்

“குழுவை நன்றாக நடத்துங்கள்” என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் பயிற்சி செய்ய முடியாது. ஒரு வகுப்புக்கு ஒரு துண்டு என்று எடுங்கள். கூட்டத்தின் நோக்கத்தை இரண்டு வசனத்தில் சொல்லித் தொடங்குவது. பேசாமல் இருப்பவரைக் கூச்சப்படுத்தாமல் உள்ளே கொண்டுவருவது. அதிகம் பேசுபவரை மரியாதை குறையாமல் நிறுத்துவது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு இணைப்பது. மௌனத்தைத் தாங்குவது. வாக்குவாதம் வந்தால் அதை அமுக்கிவிடாமல் வழிக்குக் கொண்டுவருவது. அப்புறம், நேரத்துக்கு முடித்து வைப்பது.

கோட்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1965 இல் புரூஸ் டக்மன் சொன்ன நான்கு கட்டங்களை (உருவாதல், முட்டிமோதல், ஒழுங்குக்கு வருதல், செயற்படுதல்) மாணவர்கள் தெரிந்திருக்க வேண்டும். 1977 இல் அவரும் மேரி ஆன் ஜென்சனும் சேர்ந்து கலைதல் என்ற ஐந்தாவது கட்டத்தையும் சேர்த்தார்கள். இதை இரண்டு பக்கக் குறிப்பாக முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வகுப்பில் அதை வாசித்து நேரம் போக்கத் தேவையில்லை. உங்கள் வகுப்பே இந்தக் கட்டங்களுக்குள்ளால் போகும். சில வாரங்கள் கழிந்ததும் “எங்கள் குழுவில் இரண்டு பேர் வருவதே இல்லை, எல்லாம் நாங்கள்தான் செய்கிறோம்” என்று ஒரு முறைப்பாடு வரும். அதைத் தனியே கூப்பிட்டுத் தீர்த்துவிடாதீர்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல் அந்தக் குழுவே அதைக் கதைத்து ஒரு முடிவுக்கு வர இடம் கொடுங்கள். முட்டிமோதலை இதைவிடத் தெளிவாக எந்தக் குறிப்பும் விளக்காது.

படி 2: போனையும் டேட்டாவையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்

முதல் வகுப்புக்கு முன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து இணைகிறீர்கள், கதைக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், மின்சாரமோ சிக்னலோ போனால் உங்களை எப்படிப் பிடிப்பது. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் மற்றதெல்லாம் தீர்மானிக்க வேண்டிவரும். கொழும்பில் ஒற்றை அறை வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களிடம் கமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது வீட்டை எல்லோருக்கும் திறந்து காட்டச் சொல்வதற்குச் சமம். கமரா விருப்பத்துக்கு, குரல் கட்டாயம் என்று வையுங்கள்.

சூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். நிறுவனத்தின் கணக்கு இல்லையென்றால் வகுப்பை 40 நிமிடம், இடைவேளை, மறுபடி 40 நிமிடம் என்று பிரித்துத் திட்டமிடலாம். பிரேக்அவுட் ரூம்களை (வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் தனி அறைகளை) போனிலிருந்து நடத்த முயலாதீர்கள். நீங்கள் கணினியில் இருப்பதுதான் வசதி. ஒரு நேரத்தில் ஒரு ரூமுக்குள் மட்டுமே நீங்கள் போய்ப் பார்க்க முடியும், ரூமுக்குள் எழுதும் சட் அந்த ரூமோடு நின்றுவிடும், கிளவுட் ரெக்கோர்டிங் முதன்மை அறையை மட்டுமே பதியும். இவற்றை அறியாமல் திட்டமிட்டால் “நாங்கள் செய்ததை நீங்கள் பார்க்கவே இல்லை” என்று பிள்ளைகள் மனம் வருந்துவார்கள்.

படி 3: முதல் வகுப்பில் உடன்பாடு

விதிகளை நீங்களே எழுதி ஒட்டாதீர்கள். “இந்த வகுப்பில் நீங்கள் தயக்கமில்லாமல் பிழைவிட என்ன தேவை?” என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே வரவிடுங்கள். வந்ததை ஒரு கூகுள் டொக்கில் எழுதிக்கொண்டே போங்கள்.

அவர்களாகச் சொல்லாவிட்டாலும் இரண்டு விஷயத்தை நீங்கள் சேர்க்கவேண்டும். ஒன்று, பயிற்சி ரூமில் யாரும் ஸ்க்ரீன்ஷொட் எடுப்பதோ பதிவுசெய்வதோ இல்லை. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். மற்றது, களத்தில் சந்தித்த உண்மையான ஒருவரின் கதையைப் பயிற்சிக்குக் கொண்டுவரக்கூடாது. பெயரை மாற்றினாலும் கூடாது. கொழும்பு பெரிய நகரம்தான், ஆனால் தமிழ்பேசும் சமூகத்துக்குள் மூன்று விவரம் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையாகவே இருக்கட்டும்.

படி 4: ஆறு பேர், இருபது நிமிடம்

பாடநெறியின் முதுகெலும்பு இதுதான். 24 பேரை ஆறு ஆறாக நான்கு ரூமில் பிரியுங்கள். 8 வாரமும் அதே ஆறு பேர் சேர்ந்தே இருக்கட்டும். வாராவாரம் கலைத்துப் போட்டால் குழு உருவாகவே உருவாகாது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் நடத்துவார், நால்வர் உறுப்பினர்கள், ஒருவர் அவதானிப்பவர். 12 நிமிடம் நடத்துதல், 8 நிமிடம் பின்னூட்டமும் திருப்பிச் செய்தலும். ஒரு வகுப்பில் இப்படி மூன்று சுற்று போகும். மிச்ச நேரம் தொடக்கத்துக்கும் எல்லோரும் கூடிக் கதைப்பதற்கும். முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் விட்டால் 6 வாரம், 18 சுற்று. ஆளுக்கு மூன்று தடவை. முதல் தடவை எல்லோருக்கும் பதற்றமாகத்தான் போகும். இரண்டாவதில் மாற்றம் தெரியும். மூன்றாவதில்தான் அவரவர் பாணி வெளியே வரும். அதனால் மூன்றுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பவம் இப்படி இருக்கலாம். தோட்டத்து வீடுகளிலிருந்து (கொழும்பில் நெருக்கமான சிறு வீட்டுக் குடியிருப்பைத்தான் தோட்டம் என்பார்கள்) அடுக்குமாடிக்கு மாறிவந்த குடும்பங்கள். ஒரு மாடியில் உள்ள பெண்கள் கூடுகிறார்கள். மாடிப்படியில் குப்பை போடுவது யார், பராமரிப்புக் காசு கட்டாதவர்களை என்ன செய்வது, பிள்ளைகள் எங்கே விளையாடுவது என்று பிரச்சினைகள். கொழும்பில் களப்பயிற்சிக்குப் போகும் எவருக்கும் இது முன்பின் தெரியாத காட்சி அல்ல.

உறுப்பினர்களாக நடிக்கும் நால்வருக்கும் சுற்று தொடங்குமுன் தனித்தனியே வாட்ஸ்அப்பில் ஒரு வரிக் குறிப்பு அனுப்புங்கள். நடத்துபவருக்கு அது தெரியக்கூடாது. “எந்தக் கேள்விக்கும் முதலில் நீங்கள்தான் பதில் சொல்வீர்கள்.” “பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் பேசுவீர்கள், அதுவும் ஒரு வசனம்.” “பக்கத்து வீட்டுக்காரரோடு உங்களுக்குப் பழைய கோபம் இருக்கிறது, அதைச் சொல்லமாட்டீர்கள்.” “இப்படி எத்தனை கூட்டம் பார்த்துவிட்டோம், ஒன்றும் நடக்காது என்று நம்புகிறீர்கள்.” முதல் பயிற்சி வாரத்தில் இப்படி ஒருவர் போதும். நான்கு பேரையும் சிக்கலானவர்களாக்கி வைத்தால் நடத்துபவர் பயந்துவிடுவார்.

நான்காவது குறிப்பு வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் நல்ல பயிற்சியைத் தருவார். நடத்துபவர் உடனே அவரைத் திருத்தப் பார்ப்பார்: “அப்படிச் சொல்லாதீங்க அக்கா, நம்பிக்கையா இருக்கணும்.” அந்த அக்கா அதோடு வாயை மூடிக்கொள்வார். அதையே இப்படிக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: “போன கூட்டத்துக்கு அப்புறம் என்ன நடந்தது அக்கா? மத்தவங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?” அவநம்பிக்கை அப்போது குழுவின் பொது அனுபவமாக மாறும், அடுத்த கேள்வி தானாக வரும்.

படி 5: மௌனம்

இணையத்தில் இதுதான் எல்லோரையும் தடுமாற வைப்பது. எனவே ஒரு முழு வகுப்பையே இதற்கு ஒதுக்குங்கள்.

நடப்பது இப்படித்தான். நடத்துபவர் கேட்கிறார்: “எல்லாருக்கும் விளங்குதா? யாராவது ஏதாவது சொல்றீங்களா?” பதில் இல்லை. ஆறு கறுப்புச் சதுரம், எல்லா மைக்கும் மியூட்டில். இரண்டு செக்கன் போனதும் அவருக்குப் பொறுக்காது. கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்பார். இன்னும் இரண்டு செக்கன். “சரி, அப்ப நான் சொல்றன்” என்று தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிடுவார். உறுப்பினர்கள் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள்: பேசாமல் இருந்தால் போதும், அவரே பார்த்துக்கொள்வார்.

முதற்பயிற்சி, கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுவது. நேரில் ஐந்து போதும். இணையத்தில் ஒருவர் மியூட்டை எடுக்க வேண்டும், பின்னால் அழும் தங்கையை அமர்த்த வேண்டும், சிக்னல் வந்து சேர வேண்டும். அதற்கே நேரம் போகும்.

இரண்டாவது, கேள்வியை மாற்றுவது. “யாராவது” என்று கேட்டால் யாரும் இல்லை. “இப்ப ஒவ்வொருத்தரா கேட்கப் போறேன். முதல் நீங்க, அப்புறம் ராத்தா, அப்புறம் அக்கா. சொல்ல விருப்பமில்லாட்டி ‘அடுத்த ஆள்’ என்று சொன்னாலும் சரி” என்று வரிசையை முன்கூட்டியே சொன்னால் ஒவ்வொருவருக்கும் தயாராக நேரம் கிடைக்கும். விலகும் உரிமையும் கையில் இருக்கும். மைக் சரியில்லாதவர் சட்டில் எழுதலாம். ஆனால் எழுதியதை நடத்துபவர் குரலில் வாசித்து, எழுதியவரின் பெயரைச் சொல்லிக் குழுவுக்குள் கொண்டுவர வேண்டும். வாசிக்கப்படாத சட், யாரும் காதில் வாங்காத பேச்சுப் போலத்தான்.

மூன்றாவது, எல்லா மௌனமும் ஒன்றல்ல என்பதைப் பிரித்துப் பார்க்கப் பழக்குவது. யோசிக்கிற மௌனம், விளங்காத மௌனம், கோபத்தில் வந்த மௌனம், கணவர் அறைக்குள் வந்துவிட்டதால் வந்த மௌனம். முகம் தெரியாத இடத்தில் ஊகிக்கக்கூடாது, கேட்கவேண்டும்: “கொஞ்சம் அமைதியா இருக்கு. யோசிக்கிறீங்களா, இல்லாட்டி நான் கேட்டது தெளிவில்லையா?” இந்த ஒரு வசனத்தை அவரவர் பேச்சுவழக்கில் சொல்லிப் பழகவையுங்கள். புத்தகத் தமிழில் கேட்டால் மறுபடி மௌனம்தான் வரும்.

படி 6: அவதானிப்பவர் கையில் ஒரு கடதாசி

நேரில் நடத்துபவரின் கண் எல்லோர்மேலும் சுற்றிவரும். இணையத்தில் அதற்குப் பதிலாக ஒரு கடதாசி வேண்டும். அவதானிப்பவர் ஆறு பெயரையும் வட்டமாக எழுதுவார். ஒருவர் பேசியதும் அவரிலிருந்து யாரைப் பார்த்துப் பேசினாரோ அவருக்கு ஓர் அம்புக்குறி. 12 நிமிடம் முடிய அதைப் போனில் படம் எடுத்து ரூமில் காட்டுவார்.

முதல் பயிற்சி வாரத்துப் படங்களில் எல்லா அம்பும் நடத்துபவரை நோக்கியே போயிருக்கும். அவரும் எல்லோருக்கும் பதில் சொல்லியிருப்பார். அது கேள்வி பதில் நிகழ்ச்சி, குழுவாக இன்னும் ஆகவில்லை. உறுப்பினருக்கும் உறுப்பினருக்கும் இடையில் அம்பு போகவைப்பதுதான் இலக்கு. அதற்கான வழி இணைப்பது: “குப்பை விஷயத்தில நீங்க சொன்னதும், கொஞ்சம் முந்தி ராத்தா சொன்னதும் ஒண்டுக்கொண்டு கிட்ட இருக்கு. ராத்தா, நீங்க அவங்களுக்கு என்ன சொல்வீங்க?” கடைசிப் பயிற்சி வாரத்துப் படத்தை முதல் பயிற்சி வாரத்துப் படத்தின் பக்கத்தில் வையுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

படி 7: பின்னூட்டமும் திருப்பிச் செய்தலும்

“நல்லா செய்தீங்க” என்பது பின்னூட்டம் ஆகாது. “குரல் காணாது” என்பதும் ஆகாது. பார்த்ததைச் சொல்லவேண்டும்: “மூன்றாவது நிமிடத்தில் அவர் கோபமாகச் சொன்னார், நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்.” வரிசையும் முக்கியம். முதலில் நடத்தியவர், அப்புறம் உறுப்பினர்கள், அப்புறம் அவதானித்தவர், கடைசியாகத்தான் நீங்கள். நீங்கள் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் உங்களையே திருப்பிச் சொல்வார்கள். “சேர் சொன்னதுதான் சரி” என்று கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

அப்புறம், தவறிய அந்த ஒரு கணத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு நிமிடம் மறுபடி செய்யவையுங்கள். கோபமாகச் சொன்னவர் அதே வசனத்தைச் சொல்வார், நடத்துபவர் இந்தத் தடவை நின்று கேட்பார். நேரம் காணாவிட்டால் பேச்சைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். என்ன பிழை என்று தெரிந்துகொண்டு போவதைவிடச் சரியாக ஒரு தடவை செய்துவிட்டுப் போவது பல மடங்கு பெறுமதியானது.

சுற்று முடிந்ததும் நடித்தவர்கள் பாத்திரத்தைக் கழற்றிவைக்க வேண்டும். தன் சொந்தப் பெயரையும், அந்தப் பாத்திரத்திலிருந்து தான் எப்படி வேறுபட்டவர் என்பதையும் ஒரு வசனத்தில் சொன்னால் போதும். நேரில் என்றால் எழுந்து தேநீர் குடிக்கப் போகும்போது அது தானாக நடந்துவிடும். இணையத்தில் லிங்கை மூடியதும் அந்தக் கோபத்தோடேயே தனி அறையில் இருக்க நேரிடும்.

படி 8: இரண்டு மொழி

கொழும்பில் நடக்கும் கூட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கலந்திருப்பார்கள். ஒருவர் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார். ஒரு சுற்றில் உறுப்பினர் ஒருவரைச் சிங்களத்தில் மட்டும் பேசவையுங்கள். நடத்துபவர் ஒவ்வொரு கருத்தையும் இரு மொழியிலும் சுருக்கிச் சொல்ல வேண்டும், அல்லது குழுவிலேயே இரு மொழியும் தெரிந்த ஒருவரின் உதவியை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். சுருக்கிச் சொல்லும்போது ஒரு தரப்பின் கருத்து நீளமாகவும் மற்றத் தரப்பினது அரை வசனமாகவும் போகிறதா என்பதை அவதானிப்பவர் குறிக்கட்டும்.

படி 9: கனமான விஷயம் வெளியே வந்தால்

உண்மையான இணையக் குழுவில் ஒரு பெண் வீட்டில் அடி விழுவதைச் சொல்லக்கூடும். அடிப்பவர் அடுத்த அறையில் இருக்கவும்கூடும். இதைப் பயிற்சியில் தொடாமல் மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவது சரியில்லை.

எந்த இணையக் குழுவையும் இருவர் சேர்ந்து நடத்துவது நல்லது. ஒருவர் கதையைக் கொண்டுபோவார், மற்றவர் சட்டில் எழுதப்படுவதையும் உள்ளே வந்து போகிறவர்களையும் பார்ப்பார். கனமான விஷயம் வந்தால் இரண்டாமவர் அந்த உறுப்பினரோடு தனியே தொடர்புகொள்வார். முதலில் கேட்கவேண்டியது: “இப்ப கதைக்க வசதியா? ஓம், இல்லை மட்டும் சொன்னாப் போதும்.” எழுத்தில் எதையும் அனுப்பக்கூடாது, போனை யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. சிக்கல் என்றால் சொல்வதற்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு வசனத்தை, உதாரணமாக “டேட்டா முடியப்போகுது” என்பதை, முதல் நாளே தனித்தனியே பேசிவைக்கலாம்.

மாணவர் இந்த இலக்கங்களைக் கையோடு வைத்திருக்கட்டும்: மனநல உதவிக்கு 1926, பெண்களுக்கு 1938, சிறுவர் தொடர்பானவற்றுக்கு 1929. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம் என்பதையும் அவர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதைக் குழுவின் நடுவில் விரிவுரையாகச் சொல்லத் தொடங்கக்கூடாது. அந்த நேரத்தில் குழுவுக்குத் தேவை, சொன்னவருக்கு நன்றி சொல்லி, அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று தெரியப்படுத்தி, மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பது.

இப்படிப்பட்ட சுற்றில் உங்கள் மாணவர்களில் ஒருவருக்கே அது சொந்த அனுபவமாக இருக்கலாம். எனவே முந்தைய வாரமே அறிவித்து, விலக விரும்புகிறவர் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 10: புள்ளி போடுவது

ஆளுக்கு 15 நிமிட நேரடி நடத்தல், அதோடு இரண்டு பக்க ஒப்படை. ஒப்படையில் நான் கேட்பது இரண்டு கணங்களை மட்டும்: ஒன்று குழு உங்களால் நகர்ந்த கணம், மற்றது குழு உங்களை மீறி நகர்ந்த கணம். சிக்னல் போனதற்காகவோ கமரா இல்லாததற்காகவோ ஒரு புள்ளிகூடக் குறையக்கூடாது. லைன் அறுந்தால் இன்னொரு நாள் தொடரலாம், அல்லது வாட்ஸ்அப் குரல் அழைப்பில் நடத்தலாம். தொழில்நுட்பம் கைவிடும்போது பதறாமல் குழுவை வேறு வழிக்கு மாற்றுபவருக்குக் கூடுதலாகவே போடலாம், களத்தில் அது அன்றாடத் தேவை.

படி 11: வெளியே அனுப்புவது

நான்காவது வாரம் கழிந்ததும் ஒவ்வொருவரும் தன் ஊரில் நடக்கும் ஒரு கூட்டத்துக்கு அனுமதி பெற்றுப்போய் உட்கார்ந்து பார்க்கட்டும். மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம், எதுவானாலும் சரி. அம்புக்குறிப் படத்தை வெளியே வந்தபின் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். முன்வரிசையில் இருப்பவர்களிடையே மட்டும் அம்பு போவதும், பின்னால் நிற்கும் பெண்கள் கூட்டம் முடிந்தபின் வாசலில்தான் முக்கியமானதைக் கதைப்பதும் அவர்கள் கண்ணில் படும். அதை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் படிப்பிக்க வேண்டாம். ஆறு பேர் குழுக்கள் தங்களைத் தாங்களே முடித்து வைக்கட்டும்: என்ன கிடைத்தது, என்ன குறை, யாரிடம் என்ன சொல்லவேண்டும். முடித்து வைப்பதும் ஒரு திறன். அதற்கும் ஒருவர் தலைமை தாங்க, ஒருவர் அவதானிக்க வேண்டும்.

வகுப்பில் 24 பேருக்கு மேல் இருந்தால் ஒரு ரூமில் ஆட்களைக் கூட்டாதீர்கள், ரூம்களைக் கூட்டுங்கள். எல்லா ரூமுக்கும் உங்களால் போகமுடியாது என்பதால், முந்தைய வருடம் இதே பாடத்தை முடித்தவர்களில் விருப்பமானவர்களை ரூமுக்கு ஒருவராக அழையுங்கள். அவர்களோடு வகுப்புக்கு முன் கால் மணித்தியாலம் கூடி அன்றைய துண்டு என்ன, எதைப் பார்க்கவேண்டும் என்று பேசிக்கொண்டால் போதும். அவர்களுக்கு டேட்டா செலவையாவது நிறுவனம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.